ஒரு நாளைக்கு நாலு கிரகணம்

பள்ளிக்கூடத்துக்குள்ள எங்க வேன் நுழைஞ்சதும் ஹெட்மாஸ்டருங்க கேக்கற மொதல் கேள்வி, "மேடம், குத்துவிளக்க எங்க வைக்கறது?" எத்தன பசங்க உள்ள உக்காரலாம், எந்த வகுப்புக்கு எது புரியும், இதெல்லாம் யாரும் கேட்டதில்ல. குத்துவிளக்கு. அதுவும் உள்ளதான் வைக்கணும்பாங்க, நிகழ்ச்சி உள்ளதானே நடக்குதுன்னு. சார், இது துணி சார், காத்தடிச்சு நிக்கற துணி, உள்ள நெருப்பு வச்சா எல்லாரும் போய்ச் சேந்துடுவோம்னு நானும் கும்பிட்டு சொல்லுவேன். "சின்ன விளக்குதான் மேடம், ஒரே ஒரு திரி," ம்பாரு. கடம்பத்தூர் பக்கம் போனாலும் இதான், பழவேற்காடு பக்கம் போனாலும் இதான்.

எங்க வேலைய சொல்லிடறேன். கோளரங்கம்னு ஒன்னு பாக்கணும்னா எங்க மாவட்டத்துப் பசங்க மெட்ராஸ் போவணும். பஸ் புடிச்சு இட்டுனு போற அளவுக்கு எல்லா பள்ளிக்கூடத்துக்கும் வசதி இருக்காது. அதனால நாங்க கோளரங்கத்தையே மடிச்சு வேன்ல போட்டுக்கினு ஊர் ஊரா போறோம். ஹாலு இருந்தா ஹாலுல, இல்லன்னா மரத்தடியில துணிய விரிச்சு, பெரிய ஃபேன வச்சு காத்தடிச்சா, கொஞ்ச நேரத்துல ராட்சச இட்லி மாதிரி உப்பிக்கினு எழும்பும். பக்கவாட்டுல ஒரு துணிக் குழாய் இருக்கும். அதுல முட்டி போட்டு தவழ்ந்துதான் உள்ள போவணும். உள்ள கும்மிருட்டு. நடுவுல நான், என் ப்ரொஜெக்டரு. தலைக்கு மேல பூரா வானம்.

இந்த முட்டி போடறதுலதான் பெரிய மனுசங்களோட பேஜாரு. சோழவரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சிறப்பு விருந்தினர்னு ஒருத்தர் கஞ்சி போட்ட வேட்டியோட வந்தாரு. கொழாயப் பாத்தாரு. "நான் தவழ்ந்து போவணுமா?"ன்னாரு. அவ்ளோதான், கூட வந்த நாலு பேரு ஓடிப் போயி, அண்ணன் குனியக் கூடாதுன்னு, கூடாரத்த ஓரத்தோட தூக்கிட்டாங்க. தூக்குனா இன்னா ஆவும்? காத்து மொத்தமும் புஸ்ஸுன்னு வெளிய போயி, கூடாரம் அண்ணன் தலையிலயும் உள்ள உக்காந்திருந்த பசங்க தலையிலயும் சேத்து படுத்துக்கிச்சு. பசங்களுக்கு ஒரே குஷி. அண்ணன் கோவிச்சுக்கினு போயிட்டாரு. மறுபடி காத்தடிச்சு முடிக்கறதுக்குள்ள மத்தியான பெல்லு அடிச்சுட்டாங்க. இதையெல்லாம் சகிச்சுக்கினுதான் நான் பத்து வருஷத்துக்கு மேல இந்த வேலையில குப்ப கொட்டறேன்.

ஏன் விடலன்னு கேட்டா, அந்தப் பசங்க மூஞ்சிக்காகத்தான். நாங்க இருக்கறது கும்மிடிப்பூண்டி. பேக்டரி லைட்டும் பொகையும் சேந்து ராத்திரியானா வானம் ஆரஞ்சுப் பழத் தோலு மாதிரி இருக்கும். நாலு நட்சத்திரம் சேந்தாப்ல தெரிஞ்சா இன்னைக்கு பேக்டரிக்கு எதோ லீவு போலன்னு எங்க தெருவுல பேசிக்குவாங்க. அந்த ஊருப் பசங்கள உள்ள உக்கார வச்சு, லைட்ட அணைச்சு, மொத்த நட்சத்திரத்தையும் ஒரே போடா போட்டா, ஒரு மூச்சு இழுப்பாங்க பாருங்க, அதுக்கு நான் குத்துவிளக்கையும் பொறுத்துக்குவேன்.

ஆனா கூடாரமே கிழியற மாதிரி கத்தறது கிரகணத்துக்குத்தான். சூரியன் நடு உச்சியில எரிஞ்சுக்கினு இருக்கும். நெலா ஓரத்துலருந்து மெள்ள மெள்ள கடிக்கும். திடீர்னு எல்லாம் இருட்டி, சுத்தி ஒரு வெள்ளி வளையம் மட்டும் நிக்கும். அப்ப வரும் ஒரு சத்தம், ஓஓன்னு. அது அடங்கனப்புறம் நான் ஒரு டார்ச்சையும் ஒரு பந்தையும் எடுத்து காட்டுவேன். நெழலுடா கண்ணுங்களா, வெறும் நெழலு. பாம்பு முழுங்கல, யாருக்கும் ஒன்னும் ஆவாது. ஒரு நாளைக்கு நாலு ஷோ, நாலு கிரகணம்.

இந்தக் கிரகணந்தான் என் ஊட்டுக்குள்ள பூந்து உக்காந்துக்கிச்சு.

வேலைக்கு சேந்து கொஞ்ச காலத்துல நான் முழுகாம இருந்தேன். எங்க ஊட்டுல கீழ நாங்க, மாடியில என் நாத்தனாரு. என் ஊட்டுக்காரரோட அக்கா, அவர வளத்ததே அதுதான். நல்ல மனசு. எனக்கு லேசா தல வலின்னா சுக்கு தட்டிப் போட்டுக்கினு ஓடியாரும். ஆனா சம்பிரதாயம்னு வந்துட்டா அதுகிட்ட ஆண்டவனே வாய் குடுக்க முடியாது. புள்ளத்தாச்சி கிரகணத்தப் பாக்கக் கூடாது, கிரகண நேரத்துல காய் நறுக்கக் கூடாது, ஒடம்ப சொறியக் கூடாது, அப்டி எதுனா செஞ்சா கொழந்தைக்கு உதடு பொளந்துக்கும். இது எல்லா ஊட்லயும் சொல்றதுதான். நாள்காட்டியில கிரகணம் வந்தா ஒரு நாள் கதவ சாத்திக்கினு உக்காருவாங்க, முடிஞ்சுது. நான் தினமும் நாலு கிரகணம் பாக்கறேனே, அதுக்கு இன்னா செய்யறதுன்னு எந்த சாஸ்திரத்துலயும் இல்ல. என் நாத்தனாரு அதுவா ஒரு சாஸ்திரம் எழுதிக்கிச்சு.

"வேலைய உட்டுடு," ன்னுச்சு மொதல்ல.

"அண்ணி, அது லைட்டு. துணியில விழற படம். சூரியனே கெடையாது."

"படமோ கிடமோ, இருட்டுது இல்ல?"

"இருட்டுது."

"அப்பறம் இன்னா?"

வேலைய உட மாட்டேன்னு நான் நின்னேன். அடுத்த நாள் காலையில டிபன் டப்பாவ தொறக்கறேன், தயிர் சாதத்து மேல ரெண்டு தர்ப்பப் புல்லு. கிரகணத்தன்னைக்கு சோத்துல போடுவாங்களே, அது. தினமும் கிரகணம்னா தினமும் தர்ப்ப. கோயிலாண்ட ஐயருகிட்ட சொல்லி ஒரு கட்டு வாங்கியே வச்சுக்கிச்சு. வேன் டிரைவரு என் டப்பாவ எட்டிப் பாத்து, "இன்னா மேடம், மாட்டுக்கு சேத்து கட்டிக்கினு வந்துட்டீங்களா?"ன்னு சிரிப்பாரு. சாயந்திரம் ஊட்டுக்கு வந்தா வாசல்ல பக்கெட் தண்ணி. கிரகணம் முடிஞ்சா தலைக்கு ஊத்தணுமாம்.

"ஒரு நாளைக்கு நாலு கிரகணம் ஆவுதே அண்ணி, நாலு தடவ ஊத்தணுமா?"ன்னு நக்கலா கேட்டேன்.

அது உண்மையாவே யோசிச்சுச்சு. "வேணாம். கடைசி கிரகணத்துக்கு ஒரு தடவ ஊத்துனா போதும்," ன்னுச்சு. சிரிக்கறதா அழுவறதான்னு தெரியாம பக்கெட்ட எடுத்து ஊத்திக்கினேன். என் ஊட்டுக்காரரு ஷிப்ட் முடிச்சு வந்து ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்துட்டு, "சளி புடிக்கப் போவுது"ன்னு ஒரு துண்டக் குடுப்பாரு. அவரால முடிஞ்ச நியாயம் அவ்ளோதான்.

பொண்ணு பொறந்துச்சு. நர்ஸ் தூக்கினு வந்து காட்டுனாங்க. மேல் உதடு ஒரு பக்கமா பொளந்து, மூக்கு வரைக்கும்.

எனக்கு அந்த நிமிசம் வானமும் நினைவுக்கு வரல, சயின்ஸும் நினைவுக்கு வரல. பயம் மட்டுந்தான். பால் எப்டி குடிக்கும்ன்ற பயம். என் பக்கத்துல நின்ன நாத்தனாரு வாயில முந்தானைய அடைச்சுக்கினு அழுதுச்சு. அழுதுக்கினே, "சொன்னேன் இல்ல, கேட்டியா நீ?"ன்னுச்சு. தையல் போட்ட வயித்தோட படுத்துக்கினு இருந்த என்கிட்ட. அந்த வார்த்தைய நான் இன்னைக்கும் மன்னிக்கல.

டாக்டரம்மா பொறுமையா வெளக்குனாங்க. கொழந்தையோட மூஞ்சி வயித்துல ரெண்டு பக்கத்துலருந்தும் வந்து நடுவுல சேருமாம். ரொம்ப ஆரம்பத்துலயே சேந்துடுமாம், நாள் தள்ளிப் போச்சான்னு நமக்கே சந்தேகமா இருக்கசொல்லவே. சில கொழந்தைக்கு அந்த எடத்துல சேராம நின்னுடும். ஆபரேசன் பண்ணா சரியாப் போவும்னாங்க. பண்ணாங்க. நல்லா வந்துச்சு. உதட்டுலருந்து மூக்கு வரைக்கும் மெல்லிசா ஒரு கோடு, அவ்ளோதான் மிச்சம். ஆனா டாக்டரம்மா சொன்னத நான் யாருகிட்ட சொன்னாலும், "அது சரிம்மா," ன்னு தலையாட்டிட்டு, திரும்பிப் போவசொல்ல தெருமுனையில நின்னு, "கிரகணம் காட்டற வேலையாம்டி," ன்னு பேசிக்கினே போனாங்க. மெனக்கெட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கியாந்து குடுத்துட்டு இதப் பேசிட்டுப் போறாங்க. ஊரு வாய மூட ஒலமூடி இல்லன்னு சொல்லுவாங்களே, சும்மாவா சொன்னாங்க.

அன்னைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இந்தப் பேச்சு என் பொண்ணு காதுல விழவே கூடாது. எங்கம்மா வேடிக்கை காட்டப் போயி என் மூஞ்சி இப்டி ஆச்சுன்னு அவ ஒரு நாளும் நெனைக்கக் கூடாது. நாத்தனாருகிட்ட நேராவே சொல்லிட்டேன். "அண்ணி, என் பொண்ணு முன்னாடி கிரகணம்ன்ற வார்த்த உங்க வாயிலருந்து வந்துச்சுன்னா, நாங்க வேற ஊடு பாத்துக்கினு போயிடுவோம்." அது தலைய குனிஞ்சுக்கினு, "சொல்ல மாட்டேன்," ன்னுச்சு. அதுக்கப்பறம் கல்யாணம் காட்சிக்குப் போனாலும் நான் காவக்காரி மாதிரி அவ பக்கத்துலயே நிப்பேன். எவளாவது அவ மூஞ்சிய உத்துப் பாத்துக்கினு வாயெடுத்தா, "சாப்ட்டீங்களா?"ன்னு நடுவுல பூந்துடுவேன். எட்டு வருசம் இப்டியே ஓட்டுனேன்.

போன வருசம் எங்க கூடாரத்த அவ பள்ளிக்கூடத்துலருந்தே கூப்புட்டாங்க. எம்பொண்ணு மூணாங்கிளாஸ். ஒரு வாரமா ஊட்ல வேற பேச்சே இல்ல. "நைனா, எங்க ஸ்கூலுக்கு அம்மாவோட இட்லி வருது," ன்னு அவங்கப்பா தூங்கசொல்லகூட எழுப்பி எழுப்பி சொல்றா.

அன்னைக்கு போனோம். குத்துவிளக்கு எங்கன்னு கேட்டாரு ஹெட்மாஸ்டரு. வெளியன்னேன். பொன்னாட போத்துனாங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் மைக்க புடிச்சு விண்வெளிய பத்தி தப்பு தப்பா பேசுனாங்க. பசங்க வெயில்ல உக்காந்துக்கினு செருப்ப கழட்டறதும் மாட்டறதுமா இருந்துச்சுங்க. ஒரு வழியா முடிஞ்சு, பெரிய கிளாஸ் பசங்களுக்கு ரெண்டு ஷோ ஓட்டிட்டேன். அடுத்தது மூணாங்கிளாஸ்.

அந்த கிளாஸ் டீச்சரு கொழாயாண்ட வந்து நின்னாங்க. வயிறு நல்லா தெரிஞ்சுது, ஆறேழு மாசம் இருக்கும். "மேடம், நான் வெளியவே உக்காந்துக்கறேன்," ன்னாங்க.

"தவழ வேணாம் டீச்சர், இந்தப் புதுக் கூடாரத்துல பக்கத்துல ஜிப் இருக்கு, தொறந்து விடறேன், நடந்தே வாங்க," ன்னேன்.

"அதுக்கில்ல மேடம். உள்ள கிரகணம் காட்டறீங்களாமே."

எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. ஆனா கும்புடற மாதிரி நின்னுக்கினு இருக்கற பொம்பளகிட்ட எப்டி கத்தறது? நெழலு, துணி, லைட்டுன்னு பத்து வருச பாட்டையும் மெதுவா பாடுனேன். அவங்க முழுசா கேட்டாங்க.

"எனக்கும் தெரியும் மேடம், நானும் சயின்ஸ்தான் படிச்சேன். கல்யாணமாகி ரொம்ப வருசம் கழிச்சு தங்கி இருக்கு. ஊட்ல தெரிஞ்சா அவ்ளோதான்." கொரல எறக்கி, "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணே சொல்லுச்சு மேடம்," ன்னாங்க.

"இன்னா சொல்லுச்சு?"

"நீங்க மாசமா இருக்கசொல்ல கிரகணம் பாத்ததாலதான் அதுக்கு உதட்டுல அந்தக் கோடுன்னு. ஒன்னாங்கிளாஸ்லருந்தே எல்லார்கிட்டயும் சொல்லிக்கினுதான் இருக்குது. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பின்னாடியே ஹெட்மாஸ்டரு. "மேடம், வேணும்னா அந்த கிரகணத்த மட்டும் தூக்கிடுங்களேன்? நெலா, நட்சத்திரம் காட்டுனா போதாதா?"

"முடியாது சார்," ன்னேன். என் கொரலு எனக்கே வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு.

திரும்பிப் பாக்கறேன். வேப்ப மரத்தடியில எம்பொண்ணு. சுத்தி பத்து பன்னெண்டு பசங்க. நடுவுல நின்னுக்கினு கையாட்டி கையாட்டி பேசறா. "நீங்கல்லாம் இப்பதான் பாக்கப் போறீங்க. நான் எங்கம்மா வயித்துல இருக்கசொல்லவே தினமும் பாத்தேன். ஒரு நாளைக்கு நாலு. நெலா வந்து இங்க தொட்டுச்சு, அதான் இந்த கோடு." வெரல வச்சு உதட்ட காட்டறா. ஒரு பொண்ணு, "நான் தொட்டுப் பாக்கட்டுமா?"ன்னு கேக்குது. இவ மூஞ்சிய நீட்டறா, மகாராணி மாதிரி. பசங்க வரிசையா வந்து தொட்டுட்டுப் போவுதுங்க.

நான் எட்டு வருசமா வாசல்ல காவல் நின்னேன். திருடன் ஊட்டுக்குள்ளயே பாய போட்டு படுத்துக்கினு இருந்திருக்கான்.

அவ கைய புடிச்சு இட்டுக்கினு போயி காலியா இருந்த கூடாரத்துக்குள்ள உக்கார வச்சேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அவளுக்கு சந்தோசம், எல்லாருக்கும் முன்னாடி அம்மா தன்ன மட்டும் உள்ள வுட்டுட்டாங்கன்னு.

"யாரு உனக்கு இத சொன்னது?"

"எத?"

"கிரகணம், நெலா தொட்டுச்சு, அதெல்லாம்."

"அத்த. யூ.கே.ஜி.ல ஒரு பையன் என்ன ஓட்ட வாயின்னு கூப்புட்டானா, நான் அழுதுக்கினு வந்தேனா, அப்ப அத்த சொல்லுச்சு. நீ சாதாரண பொண்ணு இல்லடி, பொறக்கறதுக்கு முன்னாடியே கிரகணம் பாத்தவ, நெலா தொட்ட எடம் இது, வேற யாருக்காவது இருக்குதா போயி பாருன்னுச்சு. நான் பாத்தேன். யாருக்கும் இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மாகிட்ட சொல்லாத, அவ அழுவான்னு அத்த சொல்லுச்சு."

ஐயோ, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கூடாரத்தையே கிழிச்சிருப்பேன். யாரு மேல ஆத்திரம்னுதான் தெரியல. நான் சொல்லாதன்னா அண்ணி சொல்லாம இருக்க வேண்டியதுதானே? ஆனா யூ.கே.ஜி.ல அவ அழுதுக்கினு வந்த அன்னைக்கு நான் எங்கயோ ஒரு ஊருல முட்டி போட்டு பசங்களுக்கு சனி கெரகத்தோட வளையம் காட்டிக்கினு இருந்திருக்கேன்.

அவகிட்ட சொன்னேன். டாக்டரம்மா எனக்கு சொன்ன மாதிரியே. மூஞ்சி ரெண்டு பக்கத்துலருந்தும் வந்து சேரும். உனக்கு அந்த எடத்துல சேரல. அது நடக்கசொல்ல நீ என் வயித்துல இருக்கன்னே எனக்குத் தெரியாது. நான் காட்டறது லைட்டு. நெலா யாரையும் தொடாது, லைட்டு யாரையும் ஒன்னும் பண்ணாது.

"நெலா தொடலியா?"

"இல்லடி."

"அப்ப ஏன் சேரல?"

"சில பேருக்கு அப்டி ஆவும்."

"எனக்கு ஏன்?"

எத்தனையோ ஆயிரம் பசங்க என்ன கேள்வி கேட்டிருக்குது. சூரியன் அணைஞ்சா இன்னா ஆவும், நட்சத்திரத்துக்கு மேல இன்னா இருக்குது, சாமி எந்த கெரகத்துல இருக்காரு. எல்லாத்துக்கும் எதோ ஒரு பதில் வச்சிருப்பேன்.

"தெரியலடி," ன்னேன்.

"உனக்கேவா?"

"டாக்டருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது."

அவ உதட்டு மேல வெரல வச்சு, அந்தக் கோட்ட மெதுவா தடவிக்கினே இருந்தா. "அத்தைக்கு தெரிஞ்சிருந்துச்சே," ன்னா.

அதுக்குள்ள கொழாயில தவழற சத்தம் கேட்டுச்சு. மூணாங்கிளாஸ் பசங்க ஒன்னு மேல ஒன்னு விழுந்துக்கினு உள்ள வந்துடுச்சுங்க. லைட்ட அணைச்சேன். நட்சத்திரம் போட்டேன், மூச்ச இழுத்துச்சுங்க. கிரகணமும் போட்டேன். ஹெட்மாஸ்டருக்காகவோ டீச்சருக்காகவோ நான் அத மறைச்சா, நாளைக்கு இந்தப் பசங்க எல்லாம் அதுல எதோ இருக்குதுன்னுதானே நெனைக்கும். வளையம் வந்துச்சு. ஓஓன்னு கத்துச்சுங்க. அந்த சத்தத்துக்குள்ள ஒரு பொண்ணு, "ஏய், இதுதானே உன்ன தொட்டுச்சு?"ன்னு கேட்டது எனக்கு தெளிவா காதுல விழுந்துச்சு.

"இல்லையாம்," ன்னா எம்பொண்ணு.

"அப்பறம்?"

நான் பந்தையும் டார்ச்சையும் எடுத்து நெழலுன்னா இன்னான்னு வெளக்க ஆரம்பிச்சேன். டீச்சரு கடைசி வரைக்கும் உள்ள வரல. வெளிய சேர்ல, கூடாரத்துக்கு முதுகு காட்டிக்கினு உக்காந்திருந்தாங்க. அவங்க மேல எனக்கு கோவமே வரல, அதுவும் ஒரு எரிச்சலா இருந்துச்சு.

சாயந்திரம் ஊட்டுக்குப் போனதும் ஒரு புடி புடிச்சுடறதுன்னு மாடிப்படி ஏறுனேன். நாத்தனாரு கீர ஆஞ்சுக்கினு இருந்துச்சு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி, "கொழந்த டிபனே வேணாம்னுடுச்சு. மூஞ்சி தொங்கிப் போயிருக்குது. இன்னாடி சொன்ன அதுகிட்ட?"ன்னுச்சு.

"உண்மைய சொன்னேன். நீங்கதான் வாக்கு குடுத்தீங்களே, சொல்ல மாட்டேன்னு!"

"அழுதுக்கினு வந்துச்சு. அன்னைக்கு நீயும் இல்ல, தம்பியும் இல்ல. கைக்கு கெடச்சத குடுத்தேன்." கீரத் தண்ட ஒடிச்சு ஒடிச்சு போட்டுக்கினே பேசுச்சு. "நான் உன்ன திட்டி சொன்னேனா அதுகிட்ட? அது பெருமைப்படற மாதிரிதானே சொன்னேன்?"

"பொய்ய சொன்னீங்க."

"சரி, பொய்யி. அத புடுங்கிட்ட. பதிலுக்கு நீ இன்னா குடுத்த?"

நான் கத்துனேன். ஆஸ்பத்திரியில சொன்ன அந்த வார்த்தையிலருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் கொட்டுனேன். அது கீர ஆஞ்சுக்கினே கேட்டுச்சு. நான் கீழ எறங்கி வந்துட்டேன். அது கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவேயில்லன்றது, அரிசி களையசொல்லதான் ஒறச்சுச்சு.

அடுத்த நாள் காலையில எங்க கூடார வேனு லேட்டா வரும்னு நானே பொண்ண பள்ளிக்கூடத்துக்கு இட்டுக்கினு போனேன். எப்பவும் எனக்கு முன்னாடி குதிச்சுக்கினு ஓடறவ, என் கைய உடாம நடந்தா. கேட்டாண்ட ஒரு புதுப் பொண்ணு அவங்கம்மாவோட நின்னுக்கினு இருந்துச்சு, வேற ஊருலருந்து அன்னைக்குதான் மூணாங்கிளாஸ்ல சேக்க வந்திருந்தாங்க. அது எம்பொண்ண உத்துப் பாத்துச்சு. பசங்களுக்கு நாசூக்கு தெரியாதே. "உன் உதட்டுல இன்னா அது?"ன்னு கேட்டுடுச்சு.

என் வாய் தன்னால "சாப்ட்டியாம்மா?"ன்னு கேக்கத் தொறந்துச்சு. பல்ல கடிச்சுக்கினு அடக்கிக்கினேன்.

எம்பொண்ணு என்ன ஒரு தடவ நிமிந்து பாத்தா. கெஞ்சுனாளா, மொறச்சாளா, எனக்கு வெளங்கல. அப்பறம் அந்தப் பொண்ணு பக்கம் திரும்பி, "தெரியல. பொறக்கசொல்லவே இருந்துச்சு," ன்னா.

அந்தப் பொண்ணு கண்ண எடுக்கல.

எம்பொண்ணும் அது மூஞ்சிய உத்துப் பாத்தா. நல்லா கிட்டக்கப் போயி பாத்தா. "உனக்கு கன்னத்துல மச்சம் இருக்குதே, அது ஏன்?"ன்னா.

அந்தப் பொண்ணு கன்னத்த தொட்டுப் பாத்துச்சு. அவங்கம்மா மூஞ்சிய திரும்பிப் பாத்துச்சு. அவங்கம்மாவும் சிரிச்சுக்கினு உதட்ட பிதுக்குனாங்க. "தெரியலயே," ன்னுச்சு அந்தப் பொண்ணு.

"நான் தொட்டுப் பாக்கட்டுமா?"ன்னு கேட்டா எம்பொண்ணு.

அது கன்னத்த நீட்டுச்சு. இவ தொட்டுப் பாத்துட்டு, "வா, மூணாங்கிளாஸ் அந்தப் பக்கம்," ன்னு அது கைய புடிச்சு இழுத்துக்கினு உள்ள போயிட்டா. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. தண்ணி பாட்டில என் கையிலயே உட்டுட்டுப் போயிட்டா, சனியன் புடிச்சவ. அத குடுக்கறதுக்காக கேட்டுக்குள்ள அவ பின்னாடியே ஓடுனேன்.